துறையில் பூத்த பெஞ்சு

“நான் அடிச்ச பெஞ்சு பூத்திருக்கு!”

படகுத் துறை மேட்டில் அன்று காலை நின்றிருந்த பதினோரு பேரும் இதைக் கேட்டார்கள். அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. ஆற்றோடு போன கெண்டைக் கூட்டம் ஒன்று நின்று, என்ன ஏதென்று விசாரித்துவிட்டுப் போனதாகவும் பேச்சு. ஆகாசத்துக்கு மெதுவாகப் பேச வராது. அவர் பிறந்து அழுத முதல் அழுகையில் பக்கத்து வீட்டுக் கடிகாரம் நின்றுபோனது. சொன்னவர் வேறு யாருமில்லை, அவரேதான்.

“பூத்திருக்குன்னா?” படகுக்காரர் துடுப்பை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

“பூத்திருக்குன்னா பூத்திருக்குதான்! பூவரசம் பூ. உள்ளங்கை அகலம். மஞ்சள்னா அப்படி ஒரு மஞ்சள், சூரியனே கூசிப்போய் மேகத்துக்குள்ள நுழைஞ்சுக்குச்சு. நடுவுல அரக்குச் சிவப்பு. பின்னங்கால்ல, வலது பக்கம். ஒரு தேனீ என்னைப் பார்த்து, ‘கொஞ்சம் நகருங்க, வேலை இருக்கு’ன்னுச்சு.”

பதினோரு பேரும் துறைக்கு இறங்கி, பெஞ்சைச் சுற்றிப் போய்ப் பின்னங்காலைக் குனிந்து பார்த்தார்கள். கால் இருந்தது. பட்டை இருந்தது. பூ இல்லை, இலை இல்லை, தேனீயும் தன் வேலையைப் பார்க்கப் போயிருந்தது.

சிரிப்பு என்றால் அது சிரிப்பு. ஒருவர் சிரித்த சிரிப்பில் படியிலிருந்து வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றார். நின்றபடியே மிச்சத்தைச் சிரித்து முடித்தார்.

“இல்லப்பா, இப்பத்தான் பார்த்தேன்! உங்களைக் கூப்பிட ஓடிவந்தேன், அதுக்குள்ள...” ஆகாசம் தரையில் மண்டியிட்டு மண்ணைத் தடவினார்.

சிரிக்காமல் நின்றவர் ஒரே ஒருவர். தலைமுடியைப் படிய வாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, டீக்கடைக் கம்பத்தில் சாய்ந்திருந்த மூலைமட்டம். “பெஞ்சு பூக்குமா? முப்பது வருஷமா மரவேலை பார்க்கிறேன். நடக்கவே நடக்காது” என்றார் நிதானமாக. அவர் சொன்னால் ஊர் மறுபேச்சுப் பேசாது.

அந்தப் பூ அப்போது அவர் சட்டைப் பையில் இருந்தது.

இரண்டு பேரும் தச்சர்கள். மூலைமட்டத்தின் ஒரே தங்கையைக் கட்டியவர் ஆகாசம். ஒருவர் மூலை சரிபார்க்கிற கருவியைப் போலவே தொண்ணூறு பாகையில் நடந்து, தொண்ணூறு பாகையில் உட்காருபவர். சாப்பாட்டுத் தட்டைக்கூடச் சுவரிலிருந்து சம தூரத்தில்தான் வைப்பார். மற்றவர் வாயைத் திறந்தால் வானத்துக்குக் கீழே எதையும் சொல்லமாட்டார். பெயர்கள் ஊர் வைத்தவை. பெற்றவர்கள் வைத்த பெயர்கள் எங்கோ காகிதத்தில் பத்திரமாக இருக்கும்.

வேலையில் மூலைமட்டம்தான் கெட்டி. அதை ஆகாசமே ஒத்துக்கொள்வார், ஒத்துக்கொண்டு, “மச்சான் செஞ்ச கதவைச் சாத்தினா காத்து வெளியிலேயே நின்னு அழும்” என்று இன்னும் கொஞ்சம் சேர்த்தும் சொல்வார். அதுதான் மூலைமட்டத்துக்கு நெஞ்சில் முள். புகழ்ச்சி தன்னுடையது, ஆனால் எல்லோரும் ரசித்துச் சிரிப்பது புகழ்ந்தவனைப் பார்த்து! கதவு செய்யச் சொல்லி வந்தவர்கள் மூலைமட்டத்தின் பட்டறையில் கால் மணி நேரம் நின்றார்கள். ஆகாசத்தின் பட்டறையில் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டு அரை நாள் உட்கார்ந்தார்கள். மூலைமட்டம் சோறு போட்டு வளர்த்த நாய், ஆகாசம் தெருமுனை திரும்பினாலே வாலோடு இடுப்பையும் சேர்த்து ஆட்டியது. அவர் கட்டிய மனைவியோ அவர் சொன்ன எதற்கும் இருபத்தெட்டு வருடத்தில் இரண்டு தடவைதான் சிரித்திருக்கிறாள் (இரண்டு தடவையும் அவர் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை). தங்கை வீட்டுக்குப் போனால், அங்கே தங்கை புருஷன் பேச்சுக்கு அரிசி களைகிற தண்ணீரைக் கொட்டிக்கொண்டு சிரிக்கிறாள். ஒரு மனிதன் எத்தனையைத்தான் பொறுப்பான்?

இப்படி உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தபோதுதான் மழைக்கு முந்திய காற்றில் துறையோரத்துப் பூவரசு சாய்ந்தது.

நாற்பது பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம் என்பது ஆகாசத்தின் கணக்கு. மூலைமட்டம் கயிறு போட்டு அளந்திருக்கிறார்: அடிமரச் சுற்று ஏழடி நான்கு அங்குலம். எப்படியானாலும் பெரிய மரம். அது நின்ற காலத்தில் ஊரில் பாதிப்பேருக்கு அதுதான் பாத்திரக்கடை, மருந்துக்கடை, விளையாட்டுச் சாமான் கடை எல்லாம். கட்டுச்சோறு கொண்டுவந்தவர்கள் அதன் இலையில்தான் பிரித்துச் சாப்பிட்டார்கள். அரிப்பு, படை என்று சொறிந்துகொண்டு வந்தவர்கள் பிஞ்சுக் காயைக் கிள்ளி, கசிகிற மஞ்சள் பாலைத் தடவிக்கொண்டு போனார்கள். பட்டையை உரித்து நார் எடுத்துக் கன்றுக்குட்டியைக் கட்டினார்கள். உதிர்ந்த இலை கீரைப் பாத்திக்கு உரம். குழந்தைகள் இலையைச் சுருட்டி ஊதிய ஊதலில் துறையில் யாரும் யாரோடும் ரகசியம் பேசியது கிடையாது. வேலிக்குக் கால் தேடுகிறவர்கள் ஒரு கிளையை வெட்டிக் குத்திவிட்டுப் போனால் போதும். மறுமாதம் அதுவே தழைத்துக்கொள்ளும்.

ஆனால் படகுக்காரருக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். படகுக்குப் பூவரசு மாதிரி மரம் கிடையாது. தண்ணீரிலேயே கிடந்தாலும் லேசில் இற்றுப்போகாது. கோணல்மாணலாக வளர்ந்த கிளைகள் படகின் விலா எலும்புக்கென்றே வளைந்து கொடுத்த மாதிரி இருக்கும். அவருடைய படகுக்கு வயது இருபத்திரண்டு. செய்தவர் மூலைமட்டம். இப்போது அதில் ஏறுபவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏறினார்கள்.

“புதுப் படகு கட்டணும். மரம் தானா விழுந்திருக்கு” என்றார் படகுக்காரர்.

“கட்டிரலாம்” என்றார் மூலைமட்டம்.

“கட்டிரலாமே!” என்றார் ஆகாசமும். “நான் கட்டுற படகு துடுப்பு போடாமலே போகும். ‘எங்க போகணும்?’னு அதுவே கேட்டுக்கும்.”

படகுக்காரர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததை மூலைமட்டம் பார்த்துவிட்டார். இருபத்திரண்டு வருடம் தன் படகில் துடுப்புப் போட்ட மனிதர், இன்னொருவன் பேச்சுக்குச் சிரிக்கிறார்! அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் படகு அவருக்குப் படகு மட்டும் இல்லை. ஊரில் ஆகாசம் கை வைக்காத ஒரே இடம் அது. அதுவும் போய்விட்டால் அப்புறம் மூலைமட்டம் என்ற ஆள் எதற்கு?

படகுக்காரர் அதிகம் பேசுபவரல்ல. யோசித்து ஒரு வழி சொன்னார்: “மரத்தோட கிளையில ஆளுக்கு ஒரு பெஞ்சு போடுங்க, துறைக்கு வர்றவங்க உட்கார. மழைக்காலம் முடியட்டும். யாரு மேல நம்பிக்கை வருதோ அவங்களுக்கு அடிமரம்.”

மூலைமட்டம் கிளையை உரித்தார், தண்ணீரில் ஊறப்போட்டார், நிழலில் காயப்போட்டார், இழைத்தார், அளந்தார், மறுபடி இழைத்தார். அவர் பெஞ்சு துறைக்கு வந்தபோது மழை பாதி முடிந்திருந்தது. வழவழவென்று இருந்தது; ஈ உட்கார்ந்தால் வழுக்கும்.

ஆகாசம் மறுநாளே முடித்துவிட்டார். நான்கு கிளைகளைப் பட்டைகூட உரிக்காமல், வெட்டின ஈரம் காயுமுன்னே, ஆற்றோரத்துச் சேற்றில் இரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டி நட்டார். மேலே பலகையை அறைந்தார். வேலை முடிந்தது. “பட்டை எதுக்குன்னா, பிடிச்சு எந்திரிக்க வசதி” என்று அதற்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது.

“பச்சை மரம்” என்றார் மூலைமட்டம், வந்து பார்த்துவிட்டு. “ஒரு மாசத்துல முறுக்கிக்கும்.”

“முறுக்கினா மீசை மாதிரி அழகாத்தானே இருக்கும் மச்சான்?”

முறுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, அது முறுக்கிவிட்டதா என்று ஆசையோடு விடியற்காலையில் பார்க்கப் போன மூலைமட்டம், பின்னங்காலில் இலை ஒன்று எட்டிப் பார்ப்பதைக் கண்டார். இதய வடிவில், எண்ணெய் தடவினாற்போல, சின்னஞ்சிறு இலை. வேலிக்கு நடுகிறவர்கள் எப்படி நடுவார்களோ அப்படியே, கிளையின் தலைப்பக்கத்தை மேலே வைத்து நட்டிருக்கிறான் மாப்பிள்ளை! காலுக்கென்று நட்டது கன்றாகிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் மூலைமட்டம் அங்கேயே நின்று ஊரைக் கூட்டியிருக்க வேண்டும். ‘பாருங்கய்யா, பச்சை மரத்துல பெஞ்சு போட்டிருக்கான்!’ என்று கத்தியிருக்க வேண்டும். வாய் வரை வந்தும் விட்டது. ஆனால் அவருக்கு ஊரைத் தெரியும். ஊர் குற்றத்தையா பார்க்கும்? இலையைத்தான் பார்க்கும். ‘அட, ஆகாசம் தொட்டா கட்டைகூடத் தழைக்குது’ என்று பிள்ளை குட்டிகளோடு வந்து நிற்கும். படகுக்காரர் அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் நின்று சிரிப்பார். மூலைமட்டம் காயப்போட்டு, இழைத்து, அளந்து செய்த பெஞ்சில் அந்தக் கூட்டம் ஏறி நின்று எட்டிப் பார்க்கும்.

சுற்றும் முற்றும் பார்த்தார். கிள்ளினார்.

மறுநாள் இரண்டு துளிர். கிள்ளினார். அதற்கு மறுநாள் ஐந்து. ஒரு நுனியைக் கிள்ளினால் அந்த இடத்தில் இரண்டு நுனி கிளம்பும் என்பது பூச்செடி வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். மூலைமட்டத்துக்குச் செத்த மரம்தான் பழக்கம். உயிருள்ள மரத்தோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இருந்ததில்லை. அவர் கிள்ளக் கிள்ள, பெஞ்சு நாலு காலிலும் கொத்துக் கொத்தாகத் துளிர்த்தது. வேரைக் கருக்குவோம் என்று அடுப்படிக் கழுவுநீரைக் குடத்தில் கொண்டுபோய் ஊற்றினார். அரிசி களைந்த தண்ணீரும் பருப்புத் தண்ணீரும் கலந்த அந்தச் சத்துக் கஷாயத்தைக் குடித்துவிட்டு அது மறுவாரம் மொட்டு வைத்தது. எதிரியை ஒழிக்கக் கிளம்பி, எதிரிக்கு இவ்வளவு பணிவிடை செய்த மனிதர் பூமியில் வேறு கிடையாது.

தினமும் இருட்டு பிரியுமுன் எழுவார், டீக்கடை திறப்பதற்குள் கிள்ளி முடிப்பார், கிள்ளியதைப் பையில் போட்டுக்கொண்டு வந்து வீட்டு அடுப்பில் சேர்ப்பார். ஒரே ஒரு காலை, சளியும் இருமலுமாக எழக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவர் துறைக்கு வந்தபோது ஆகாசம் பெஞ்சின் பின்னால் மண்டியிட்டு, வாய் பிளந்து, பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து ஊரைக் கூப்பிட மேட்டுக்கு ஓடினார். அந்த ஓட்டத்துக்கும் திரும்பி வந்ததற்கும் நடுவில் இருந்த இரண்டு நிமிடத்தில் மூலைமட்டத்தின் கை செய்த வேலைதான் அந்தச் சட்டைப் பைக்குள் இருந்தது.

அன்றிலிருந்து ஆகாசத்தின் கதை கந்தலாகிவிட்டது. இத்தனை வருடம் அவர் சொன்ன பொய்யையெல்லாம் ரசித்த ஊர், ஒரே ஒரு தடவை உண்மை சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது. சலூனில், “அண்ணே, உங்க வீட்டுக் கட்டில் காய்ச்சிருச்சா?” என்று கேட்டார்கள். “கதவு கிளை விட்டா கொஞ்சம் சொல்லுங்க, ஊஞ்சல் கட்டணும்” என்றார்கள். ஆகாசம் பாதிச் சவரத்தோடு எழுந்து வீட்டுக்குப் போனார்.

படகுக்காரர்தான் பெரிய குண்டாகப் போட்டார். “விளையாட்டுக்குச் சொல்றது வேற. மண்டி போட்டு, கண்ணுல தண்ணி வர, சத்தியம் பண்ணிப் பொய் சொல்றது வேற. நாளைக்கு ஓட்டை இல்லைன்னு இவர் சொல்வார், நான் நாப்பது உசுரை ஏத்திக்கிட்டு நடு ஆத்துக்குப் போவேன். வெள்ளிக்கிழமை அடிமரத்தை மூலைமட்டத்துக்கிட்ட ஒப்படைக்கிறேன். பெஞ்சு நிஜமாவே பூத்துச்சுன்னு யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், பார்த்ததாச் சொல்லட்டும். மரம் ஆகாசத்துக்கு.”

மூலைமட்டத்துக்கு இனித்தது. இனித்ததோடு பயமும் வந்தது. வெள்ளிக்கு இன்னும் ஆறு நாள். ஆறு நாளும் ஒரு பூ கண்ணில் படக் கூடாது.

தங்கை பட்டறைக்கு வந்தாள். மரத்தூளைக் காலால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணே, அவர் இந்தத் தடவை புளுகலைண்ணே.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“புளுகும்போது இடது புருவம் தானா மேல போகும். கல்யாணமான நாள்லேருந்து பார்க்கிறேன். அன்னிக்குப் பூ பூத்துச்சுன்னு வந்து சொன்னப்ப புருவம் அப்படியே இருந்துச்சு. தேனீ பேசினதைச் சொல்றப்பதான் மேல போச்சு.”

மூலைமட்டம் இழைப்புளியைத் திருப்பி அதன் அடிப்பாகத்தை வெகு கவனமாக ஆராய்ந்தார்.

“ரெண்டு நாளா அவர் பேசலைண்ணே. வீடு நல்லாவே இல்ல. நீங்க போய்ப் பார்த்து, பூக்கலாம், வாய்ப்பிருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா ஊர் கேட்கும்.”

“பார்க்கலாம்” என்றார். அவள் போன பிறகு ஒரு பலகையை இழைக்க ஆரம்பித்து, அது காகிதமாகிறவரை இழைத்துக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தங்கை கண் கலங்கியது யாருக்காக? அவனுக்காக. அதை நினைத்ததும் பாவம் ஓடிப்போயிற்று.

இதற்கிடையில் அவர் வீட்டுக்குள்ளேயே ஒரு அடுப்பு தனியாக எரிந்துகொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

மூலைமட்டத்தின் மனைவி கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவள். எட்டு மணிக்கு எழுகிற கணவர் இரண்டு மாதமாக விடியுமுன் எழுகிறார், எழுந்ததும் தலை வாருகிறார், துறைப்பக்கம் போகிறார், கேட்டால் “காத்து வாங்க” என்கிறார். இருபத்தெட்டு வருடமாக வீட்டுக் காற்று போதுமானதாக இருந்த மனிதருக்கு வெளிக்காற்று எதற்கு? விரல் நுனியெல்லாம் மஞ்சள். மொட்டைக் கிள்ளினால் கசிகிற பால், சோப்புப் போட்டாலும் போகாது. “என்ன இது?” என்றால், “பாலிஷ்.” மஞ்சள் பாலிஷை அவள் எந்த மரத்தின் மீதும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை துணி துவைக்கும்போது சட்டைப் பையில் ஒரு பூ அகப்பட்டது. கசங்கியிருந்தது, காலையில் மஞ்சளாக இருந்தது மாலைக்குள் பூவரசுக்கே உரிய விதமாகச் சிவந்துபோயிருந்தது. பூவரசம் பூ. அவள் துணியைக் கல்லில் போட்டுவிட்டு யோசித்தாள். துறை மரம் விழுந்து மூன்று மாதம் ஆகிறது. துறைப்பக்கம் மிச்சமிருந்த பூவரசு ஒரே இடத்தில்: டீக்கடைக்காரம்மாவின் கொல்லைப்புற வேலியில். தனியாக இருக்கிற டீக்கடைக்காரம்மா. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகிற டீக்கடைக்காரம்மா. போன வருடம் மூலைமட்டம் பெஞ்சு செய்து கொடுத்தபோது, “கை வேலைன்னா இதுதான் வேலை” என்று வாய் நிறையச் சொன்ன டீக்கடைக்காரம்மா!

அந்தக் கணத்திலிருந்து வீட்டில் உப்பு, உப்பாக இல்லை.

“வீட்டு டீ கசக்குதோ?”

“நான் எங்க டீ குடிச்சேன்?”

“குடிக்கலையா? பார்த்துக்கிட்டேதான் இருந்தீங்களா?”

“யாரை?”

“யாரையா? வாயைப் பாரு, ஒண்ணும் தெரியாத பச்சைக் குழந்தை மாதிரி!”

மூலைமட்டம் திருதிருவென்று விழித்தார். மாப்பிள்ளையின் மீது தான் பொறாமைப்படுவது இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, “நீ நினைக்கிற மாதிரி பெருசா ஒண்ணுமில்ல. கொஞ்ச நாள்ல சரியாயிடும், வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிடும்” என்றார்.

ஒரு மனைவி கேட்கக் கூடாத பதில் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

வெள்ளிக்கிழமை காலை துறையில் ஊரே இருந்தது. சாய்ந்து கிடந்த அடிமரத்தைச் சுற்றி ஆட்கள். உருட்டிக்கொண்டுபோகக் கயிறும் கம்பும் தயார். மூலைமட்டம் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். அன்று விடியலிலும் போய்த் துப்புரவாகக் கிள்ளியாயிற்று. பெஞ்சின் கால்கள் மொட்டையாக, ஒன்றும் தெரியாதது போல நின்றன. ஆகாசம் கூட்டத்தின் ஓரத்தில் மனைவியோடு நின்றார். யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை.

“அப்போ சரி” என்றார் படகுக்காரர். “பெஞ்சு பூத்ததைப் பார்த்தவங்க யாரும் இல்ல. மரம்...”

“கொஞ்சம் நில்லுங்க.”

மூலைமட்டத்தின் மனைவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். கையில் ஒரு பெட்டி. அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் எடுத்துப்போகிற அளவுப் பெட்டி.

“படகு ஏறத்தான் வந்தேன். ஏறுறதுக்கு முன்னாடி எல்லார் முன்னாடியும் ஒரு கேள்வி கேட்டுட்டுப் போறேன். ஏங்க, ரெண்டு மாசமா விடியக்காலைல எங்க போறீங்க?”

ஆறு ஓடுவதை நிறுத்திக்கொண்டது. அப்படித்தான் அங்கிருந்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

“கா... காத்து வாங்க.”

“விரல்ல என்ன மஞ்சள்? காத்துக்கு மஞ்சள் நிறமா? சட்டைப் பையில என்ன பூ? துறைப்பக்கம் பூவரசு எங்க இருக்கு? யாரு கொல்லையில இருக்கு?”

எல்லாக் கண்களும் ஒன்றாகத் திரும்பி டீக்கடைக்காரம்மாவிடம் போய் நின்றன. அவள் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது.

“என்னது! இந்த மூஞ்சிக்கா?” என்றாள். “நான் ரெண்டாவது டம்ளர் டீகூட ஊத்தமாட்டேன் இவருக்கு! அரை மணி நேரம் உட்கார்ந்து சர்க்கரை அளவைப் பத்திப் பேசுவாரு!”

“அப்போ விடியறதுக்கு முன்னாடி அங்க என்ன வேலை இவருக்கு?”

“எனக்கெப்படித் தெரியும்? நான் கடை திறக்கிறதே ஆறரைக்கு!”

“அதுக்கு முன்னாடிதானே வர்றாரு!”

கூட்டம் ‘ஓ’ என்று ஒரு பெருமூச்சு விட்டது. மூலைமட்டத்துக்கு வியர்வை சலவைச் சட்டையைத் தாண்டி வெளியே வந்தது. வாயைத் திறந்தால் மரம் போகும். திறக்காவிட்டால் பெட்டி போகும். ஒரு பக்கம் ஏழடி நான்கு அங்குல அடிமரம். மறுபக்கம் இருபத்தெட்டு வருடம். அவர் வாழ்க்கையில் அளந்து பார்க்க முடியாத முதல் சமாச்சாரம் இது.

அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஆகாசம் முன்னால் வந்தார்.

“அக்கா, பெட்டியைக் கீழ வைங்க. மச்சான் அப்படிப்பட்ட ஆள் இல்ல. நான் சத்தியமாச் சொல்றேன்.”

புருவம் ஆடாமல் அசையாமல் இருந்தது. தங்கை பார்த்தாள், மூலைமட்டமும் பார்த்தார்.

“நீங்க சும்மா இருங்க தம்பி” என்றாள் மூலைமட்டத்தின் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நீங்க சொன்னா யாரு நம்புவா? நீங்கதான் பெஞ்சு பூத்துச்சுன்னு சொன்ன ஆளாச்சே.”

ஊர் தலையாட்டியது. உண்மைதானே, ஆகாசம் சாட்சி சொன்னால் செல்லுமா? ஆகாசம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மூலைமட்டத்துக்காகப் பேச வந்த ஒரே ஆள் அவர். அந்த ஆளின் பேச்சுக்கு மதிப்பில்லாமல் செய்தது யார் என்பது அந்தத் துறையில் ஒருவருக்குத்தான் தெரியும்.

அவள் பெட்டியைப் படகில் தூக்கி வைத்தாள். ஒரு காலையும் வைத்தாள்.

“கொல்லைக்குப் போகலை” என்றார் மூலைமட்டம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “பெஞ்சுக்குப் போனேன்.”

“எந்தப் பெஞ்சு?”

“மாப்பிள்ளை பெஞ்சு. கிள்ளப் போனேன். தினமும்.”

“எதை?”

அவர் ஆகாசத்தின் பெஞ்சுக்குப் பின்னால் போய், சலவை வேட்டியோடு சேற்றில் உட்கார்ந்து, வலது பின்னங்காலின் அடியில் மண்ணை விலக்கிக் காட்டினார். வெள்ளை வெளேரென்று வேர் ஓடியிருந்தது. கிள்ளிய இடத்தில் எல்லாம் புள்ளி புள்ளியாக மஞ்சள் பால் காய்ந்திருந்தது. அவர் தன் விரல்களை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

படகுக்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மூலைமட்டத்தைப் பார்த்தார். “அப்போ மரம் உங்களுக்கு இல்ல” என்றார் மெதுவாக.

“தெரியும்.”

படகில் வைத்த காலை அவர் மனைவி எடுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் பாதி, நிம்மதி பாதி. கொஞ்ச நேரம் எது ஜெயிக்குமென்று தெரியாமல் இருந்தது. பிறகு அவள் சிரித்தாள், பெட்டி ஆற்றில் விழுகிற அளவுக்கு. மூலைமட்டம் சேற்றிலிருந்து அண்ணாந்து அவளையே பார்த்தார். தான் சொன்னதற்கு அவள் சிரித்த மூன்றாவது தடவை அது.

ஆகாசத்துக்கு உயிர் வந்துவிட்டது. உயிர் வந்ததும் குரலும் வந்தது. பெஞ்சின் மேல் தாவி ஏறி, இரண்டு கையையும் விரித்தார்.

“கேட்டுக்கங்கய்யா! பூத்துச்சு! நூறு பூ! இல்ல, ஆயிரம்! ஒவ்வொரு பூவும் சோத்துத் தட்டு அளவு! அக்கரை வரைக்கும் மஞ்சள் வெளிச்சம் அடிச்சுது, ராத்திரின்னு தெரியாம கோழியெல்லாம் தூங்காம...”

“ஆயிரம் இல்ல” என்றார் மூலைமட்டம்.

கூட்டம் அடங்கியது. அவர் எழுந்து, வேட்டியில் ஒட்டிய சேற்றைத் தட்டி, மாப்பிள்ளையை ஒரு முறை முறைத்தார். அந்த முறைப்பில் பழைய பொறாமை ஒரு துளியும் குறைந்திருக்கவில்லை.

“துளிர் நூத்தி முப்பத்தொண்ணு. மொட்டு நாப்பத்தாறு. விரிஞ்ச பூ ஒன்பது, அதுல பெருசு மூணே முக்கால் அங்குலம். வேலை மகா மட்டமான வேலை, பச்சை மரம், பட்டைகூட உரிக்கலை. நான் முப்பது வருஷமா காயவெச்சு, அளந்து செஞ்சதுல ஒண்ணுகூட இலை விட்டதில்ல.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆனா பூத்துச்சு. நான் பார்த்தேன்.”